ஒலி ஒன்று, வேர் பல: ஆங்கிலப் பேச்சுவழக்கின் ஒப்பொலிச் சொற்கள் குறித்த வரலாற்று ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

ஆங்கிலப் பேச்சுவழக்கில் ஒரே ஒலியும் ஒரே எழுத்துக்கூட்டும் கொண்டு வழங்கும் சொற்கள் பலவற்றின் பிறப்பிடங்கள் வேறுவேறானவை. கேஷ், சாப், சிட், சீஸ், குஷி, கேட்டமரான் ஆகிய சொற்களின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. இவற்றுள் ஒரு பகுதி ஐரோப்பிய மொழிகளிலிருந்தும், மற்றொரு பகுதி 16ஆம் நூற்றாண்டு முதல் கடல்வணிகத்தின் வழியாகத் தமிழ், இந்துஸ்தானி, சீன மொழிகளிலிருந்தும் வந்தது. வந்த சொல் ஏற்கெனவே இருந்த சொல்லின் வடிவத்தை ஏற்றுக்கொண்டதால் இரண்டும் ஒன்றுபோல் ஒலிக்கலாயின. எனவே ஒலி ஒப்புமையை உறவுக்குச் சான்றாகக் கொள்வதற்கு முன், அது தழுவலின் விளைவா என ஆராய வேண்டும் என்பதும், தமிழ்ச் சொற்பிறப்பியல் ஆய்வு இந்நெறியைக் கைக்கொள்ள வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: ஒப்பொலிச் சொல், பல்பொருள் ஒருசொல், கடன்சொல், பேச்சுவழக்கு, மக்கள் சொற்பிறப்பு, ஹாப்சன்-ஜாப்சன்.

முன்னுரை

ஒரு சொல் பல பொருள் தருவதைத் தமிழ் இலக்கண, நிகண்டு மரபுகள் தொன்மைக்காலம் தொட்டே உணர்ந்துள்ளன. தொல்காப்பிய உரியியல் பல பொருள் குறித்த ஒரு சொல்லைப் பற்றிப் பேசுகிறது. திவாகர நிகண்டின் பதினோராம் தொகுதி 'ஒருசொற் பல்பொருட் பெயர்த்தொகுதி' என்றே பெயர் பெற்றுள்ளது. எனினும் நிகண்டின் நோக்கம் பொருளைத் தொகுத்துரைப்பதேயாதலின், ஒரு வடிவத்தின்கீழ் வரும் பொருள்கள் ஒரே வேரிலிருந்து கிளைத்தவையா, தனித்தனி வேர்களிலிருந்து வந்து ஒரு வடிவத்தில் கூடியவையா என்ற வினாவை அது எழுப்புவதில்லை. முன்னதைப் பல்பொருள் ஒருசொல் என்றும், பின்னதை ஒப்பொலிச் சொற்கள் என்றும் இன்றைய மொழியியல் பிரித்துக் காண்கிறது.

இப்பிரிவினை கோட்பாட்டளவில் எளிது, செயலளவில் அரிது. குறிப்பாகப் பேச்சுவழக்குச் சொற்களில் இவ்வருமை மிகுதி. இச்சொற்கள் குறுகியவை, பெரும்பாலும் ஓரசை உடையவை. படைவீரர், மாலுமி, வணிகர், கள்வர் ஆகியோர் வாயில் நெடுங்காலம் வழங்கிய பின்னரே எழுத்தில் ஏறியவை. சாமுவேல் ஜான்சனின் 1755ஆம் ஆண்டு அகராதி இலக்கிய வழக்கையே முதன்மையாகக் கொண்டது. கொச்சை வழக்கிற்கெனப் பிரான்சிஸ் குரோஸ் தொகுத்த அகராதி 1785இல்தான் வெளிவந்தது. சொல் பிறந்த காலத்துக்கும் பதிவான காலத்துக்கும் இடைப்பட்ட இவ்வெற்றிடத்தில் ஊகங்களும் கதைகளும் எளிதில் இடம்பிடித்துக்கொள்கின்றன.

அகராதி மரபும் ஹாப்சன்-ஜாப்சன் விதியும்

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் பணி 1857இல் இலண்டன் மொழிநூற் கழகத்தில் எழுந்த கருத்திலிருந்து தொடங்கியது. 1879 முதல் ஜேம்ஸ் மர்ரே அதன் பதிப்பாசிரியராக இருந்தார். முதற்பகுதி 1884இல் வெளிவந்தது. முழுப்பணியும் 1928இல் நிறைவுற்றது. வடிவம் ஒன்றாயினும் வேர் வேறாயின் அவற்றைத் தனித்தனித் தலைச்சொற்களாக எண்ணிட்டுக் காட்டுவதும், ஒவ்வொரு பொருளுக்கும் காலவரிசையில் மேற்கோள் தருவதும் அதன் நெறிகள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியும் ஒரே வடிவச் சொற்களை எண்ணிட்டுப் பிரித்துக் காட்டுகிறது.

இந்தியத் தொடர்புடைய ஆங்கிலச் சொற்களுக்கு 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' முதன்மையான கருவிநூல். ஹென்றி யூலும் ஏ. சி. பர்னலும் இதனைத் தொகுத்தனர். பர்னல் சென்னை மாகாண ஆட்சிப்பணியில் இருந்தவர். தென்னிந்திய எழுத்தியல் குறித்த நூலாலும், தஞ்சை அரண்மனை வடமொழிச் சுவடிப் பட்டியலாலும் அறியப்பட்டவர். நூல் வெளிவருவதற்கு முன்பே 1882இல் மறைந்தார். வில்லியம் குரூக் திருத்திய பதிப்பு 1903இல் வந்தது.

நூலின் பெயரே இவ்வாய்வுக்கு ஓர் எடுத்துக்காட்டு. மொகரம் ஊர்வலத்தில் எழும் 'யா ஹசன், யா ஹுசைன்' என்ற புலம்பல் ஆங்கிலப் படைவீரர் செவியில் ஹாப்சன், ஜாப்சன் என்னும் இரு ஆங்கிலக் குடும்பப் பெயர்களாக மாறியது. அயல்மொழி ஒலியைத் தம் மொழியில் ஏற்கெனவே உள்ள ஒலிவடிவத்துக்குள் அடக்கிக்கொள்ளும் இவ்வியல்பைப் பிற்கால மொழியியலார் 'ஹாப்சன்-ஜாப்சன் விதி' என்றே குறித்தனர். வடசொல் தமிழில் புகும்போது வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தை ஏற்க வேண்டும் என்ற தொல்காப்பிய நெறியும் இவ்வியல்போடு ஒப்பிடத்தக்கது. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. தொல்காப்பியம் கூறுவது எழுத்தளவிலான தழுவல். ஹாப்சன்-ஜாப்சன் விதி சில இடங்களில் அதற்கு மேலும் ஒருபடி சென்று, வந்த சொல்லை முன்பே இருந்த மற்றொரு சொல்லாகவே ஆக்கிவிடுகிறது. ஒப்பொலிச் சொற்கள் பல தோன்றும் இடம் இதுவே.

கேஷ்: பெட்டியும் நாணயமும்

கையிருப்புப் பணத்தைக் குறிக்கும் 'கேஷ்' இன்று தமிழ்ப் பேச்சிலும் இயல்பாக வழங்குகிறது. இது தமிழ்க் 'காசு' என்பதன் திரிபே என்ற கருத்துப் பரவலாக உள்ளது. ஆங்கிலத்தில் 'கேஷ்' என்ற வடிவில் இரு சொற்கள் உண்டு என்பதைக் கருதாமையால் விளைந்த முடிவு இது.

முதற்சொல்லின் வேர் பெட்டியைக் குறிக்கும் இலத்தீன் 'கப்சா'. அது இத்தாலியத்தில் 'காசா' எனவும் பிரெஞ்சில் 'கேஸ்' எனவும் வழங்கியது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் பதிவாகும்போது பணப்பெட்டி என்ற பொருளும் அச்சொல்லுக்கு இருந்தது. பெட்டியின் பெயர் அதனுள் இருக்கும் பணத்துக்கு ஆகிவந்ததால் கைப்பணம் என்ற பொருள் நிலைத்தது. தமிழ் இலக்கணத்தார் இதனை இடவாகுபெயர் என்பர்.

இரண்டாம் சொல் சிறு மதிப்புடைய நாணயத்தைக் குறிப்பது. இதன் மூலம் தமிழ்க் 'காசு'. சோழர் கல்வெட்டுகளில் பெருவழக்காக உள்ள இச்சொல்லைப் போர்த்துகீசியர் 'காய்ஷா' என்று வழங்கினர். 1598இல் வெளிவந்த லின்ஷோட்டன் பயணநூலின் ஆங்கிலப் பெயர்ப்பில் சுந்தாப் பகுதியின் செம்பு நாணயம் இப்பெயராலேயே குறிக்கப்படுகிறது. பின்னர் நடுவில் சதுரத் துளையுடைய சீன நாணயத்துக்கும் ஐரோப்பியர் இப்பெயரையே இட்டனர்.

இங்குக் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. போர்த்துகீசிய மொழியில் 'காய்ஷா' என்பதற்குப் பெட்டி என்பது பொருள். அதுவும் இலத்தீன் 'கப்சா'விலிருந்து வந்ததே. தமிழ்க் காசு போர்த்துகீசியர் நாவில் முன்பே பழகியிருந்த பெட்டியின் பெயரோடு ஒன்றியது. எனவே இரு சொற்களும் முதலில் போர்த்துகீசியத்திலும், அடுத்து ஆங்கிலத்திலுமாக இருமுறை ஒரு வடிவத்தில் கூடியுள்ளன. இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஆங்கிலப் பதிவுகளில் தோன்றுவதால் காலத்தை மட்டும் கொண்டு இவற்றைப் பிரித்தறிய இயலாது. முதற்சொல் ஐரோப்பிய வணிகக் கணக்குகளின் வழியாகவும், இரண்டாம் சொல் ஆசியக் கடல்வழிப் பயணக் குறிப்புகளின் வழியாகவும் வந்தன என்ற இடச்சான்றும், ஒன்று பெட்டியிலிருந்தும் மற்றொன்று நாணயத்திலிருந்தும் தொடங்கும் பொருட்சான்றும் அவற்றைப் பிரித்துக் காட்டுகின்றன.

இரண்டாம் 'கேஷ்' சென்னையில் ஆட்சிமுறைச் சொல்லாகவே இருந்தது. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்பது கும்பினிக் கணக்கு. அதன்படி ஒரு வராகனுக்கு 3,360 காசு. 1818இல் சென்னை மாகாணத்தில் ரூபாய் நிலையான நாணயமாகும் வரை இக்கணக்கு நடைமுறையில் இருந்தது. கிழக்கிந்தியக் கும்பினிக்காகப் பர்மிங்காமின் சோஹோ நாணயச்சாலையில் 1803லும் 1808லும் 20 காசு நாணயங்கள் அச்சிடப்பட்டன. அவற்றின் ஒரே பக்கத்தில் ஆங்கிலத்தில் 'கேஷ்' என்றும், 20 காசு 4 பலூசு எனப் பொருள்படும் பாரசீகத் தொடரில் 'காஸ்' என்றும் பொறிக்கப்பட்டுள்ளது. ஒரே தமிழ்ச்சொல் ஒரே உலோகத் துண்டில் இரு வடிவங்களில் நிற்கிறது. பாரசீகம் மூல ஒலியை ஏறத்தாழ அப்படியே காத்தது. ஆங்கிலமோ தன்னிடம் முன்பே இருந்த சொல்லின் எழுத்துக்கூட்டை அதற்கு அணிவித்தது. 1808ஆம் ஆண்டு நாணயங்களை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 சனவரியில் இங்கிலாந்தின் குட்வின் மணற்றிட்டில் மூழ்கியது. அந்நாணயங்கள் 1980களில் பெருந்தொகையாக மீட்கப்பட்டமையால் இச்சான்று இன்று எளிதில் காணக் கிடைக்கிறது. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய் என்ற கணக்கு 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நீடித்தது.

எனவே ஆங்கிலத்துக்குத் தமிழ் தந்த 'கேஷ்' ஒன்று உறுதியாக உண்டு. அது கைப்பணத்தைக் குறிக்கும் சொல் அன்று. நாணயத்தைக் குறிக்கும் சொல்லே. படைவேலையிலிருந்து ஒருவரை நீக்குதலைக் குறிக்கும் 'கேஷியர்' என்னும் வினையோ டச்சு வழியாக வந்த மூன்றாவது சொல். பணம் வாங்குவோரைக் குறிக்கும் 'கேஷியர்' என்னும் பெயரோடு அதற்கு வேர்த்தொடர்பு இல்லை.

சாப்: ஒரு வடிவில் கூடிய சொற்கள்

'சாப்' என்னும் வடிவம் ஒப்பொலிச் சொற்களின் செறிவுக்குத் தக்க சான்று. வெட்டுதல் என்ற பொருளும், அதன்வழி வெட்டிய இறைச்சித் துண்டு என்ற பொருளும் தருவது ஒன்று. தாடையைக் குறிப்பது மற்றொன்று. பண்டமாற்றுச் செய்தலைக் குறித்துப் பழைய ஆங்கில வணிகச் சொல்லிலிருந்து வந்தது மூன்றாவது. 'சாப் அண்டு சேஞ்சு' என்ற தொடரில் இன்றும் அது எஞ்சியுள்ளது. அடிக்கடி மனம் மாறுதல் என்று இத்தொடரின் பொருள் விரிந்தபின், அதிலுள்ள 'சாப்' வாங்கி விற்றலைக் குறித்தது என்பது வழக்கில் மறைந்துவிட்டது.

நான்காவது இந்துஸ்தானி 'சாப்' என்பதிலிருந்து வந்தது. முத்திரை, அச்சு என்பன இதன் பொருள்கள். இந்தியத் துறைமுகங்களில் ஐரோப்பியர் கற்றுக்கொண்ட இச்சொல் அவர்களோடு சீனக் கடற்கரைக்குச் சென்றது. 1757 முதல் 1842 வரை மேலை வணிகத்துக்குத் திறந்திருந்த ஒரே சீனத் துறைமுகமான கான்டனில், சுங்க அனுமதிச் சீட்டு 'கிராண்டு சாப்' எனவும், சுங்கச்சாவடி 'சாப்-ஹவுஸ்' எனவும் பெயர் பெற்றன. அதே காலத்தில் இலண்டனில் 'சாப்-ஹவுஸ்' என்றால் இறைச்சித் துண்டு பரிமாறும் உணவுவிடுதி. ஒரே கும்பினியின் ஊழியர் ஒருவர் இலண்டனில் உண்ணவும், கான்டனில் வரி செலுத்தவும் ஒரே பெயருடைய இடத்துக்குச் சென்றார். சரக்கின் முத்திரை அதன் தரத்தைக் குறித்ததால் 'பர்ஸ்ட்-சாப்' என்பது முதல்தரம் என்ற பொருளில் ஆங்கிலப் பேச்சுவழக்கில் பரவியது. மலேசியா, சிங்கப்பூர் ஆங்கிலத்தில் ரப்பர் முத்திரையை இன்றும் 'சாப்' என்றே வழங்குகின்றனர்.

ஐந்தாவது விரைவைக் குறிக்கும் 'சாப்-சாப்'. இது கான்டனியச் சொல்லிலிருந்து சீன வணிகக் கலப்பு ஆங்கிலத்தில் உருவானது. உணவுக்குச்சியைக் குறிக்கும் 'சாப்ஸ்டிக்' என்பதன் முற்பகுதியும் இதுவே. இறைச்சித் துண்டோடு அதற்குத் தொடர்பில்லை. இவ்வாறு ஆங்கிலத் தீவு, இந்தியத் துறைமுகம், சீனத் துறைமுகம் ஆகிய மூவிடத்துச் சொற்கள் ஓரசை வடிவம் ஒன்றில் கூடியுள்ளன.

சிட், சீஸ், குஷி

குறிப்புச் சீட்டைக் குறிக்கும் 'சிட்' இந்துஸ்தானிச் 'சிட்டி' என்பதன் குறுக்கம். 17ஆம் நூற்றாண்டு முதல் இந்திய ஆங்கிலத்தில் வழங்கிய இச்சொல், பணியாளருக்குத் தரும் நற்சான்று, மன்றங்களில் குடித்த மதுவுக்குக் கையொப்பமிடும் துண்டுத்தாள் எனப் பல பொருள்களைப் பெற்றது. 1982ஆம் ஆண்டு இந்தியச் சீட்டு நிதிச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும் இவ்வடிவம் இடம்பெறுகிறது. இளம்பெண்ணை இழித்துக் கூறும் 'சிட்' இதற்கு மிக முற்பட்டது. 14ஆம் நூற்றாண்டில் விலங்கின் குட்டியைக் குறித்து, பின்னர் சிறுபிள்ளைக்கு ஆகிவந்தது. வீண்பேச்சைக் குறிக்கும் 'சிட்-சாட்' இவ்விரண்டிலிருந்தும் வேறானது. பேச்சைக் குறிக்கும் 'சாட்' என்பதன் இரட்டிப்பால் பிறந்தது.

'சீஸ்' என்ற பாலாடைக்கட்டியின் பெயர் இலத்தீன் 'காசேயுஸ்' வழி வந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலண்டன் கொச்சை வழக்கில் சிறந்தது, சரியானது என்ற பொருளில் மற்றொரு 'சீஸ்' தோன்றியது. பொருள், பண்டம் எனப் பொருள்படும் உருது-பாரசீகச் சொல்லே இதன் மூலம் என யூலும் பர்னலும் காட்டினர். அமெரிக்க வழக்கில் பெரும்புள்ளியைச் சுட்டும் 'பிக் சீஸ்' இவ்வழியில் வந்ததாகவே கருதப்படுகிறது.

'குஷி' என்னும் ஆங்கிலக் கொச்சைச் சொல் வருத்தமற்ற, எளிதான வேலையைக் குறிக்கும். மென்மையான இருக்கைத் திண்டைக் குறிக்கும் 'குஷன்' என்பதிலிருந்து இது வந்தது என ஆங்கிலேயர் பலர் எண்ணுகின்றனர். பொருளும் ஒலியும் அவ்வெண்ணத்துக்கு இசைந்தே நிற்கின்றன. ஆயினும் முதல் உலகப்போர்க் காலத்தில் படைவீரர் வழக்காகவே இச்சொல் பதிவாகிறது. இந்தியப் பணியில் இருந்த படையினர் உருதுவிலிருந்து கொண்டுசென்ற சொல் இது. தமிழில் வழங்கும் 'குஷி'யும் அதே பாரசீக மூலத்தது. தமிழும் ஆங்கிலமும் இச்சொல்லை ஒன்றுக்கொன்று தரவில்லை. ஒரே மூலத்திலிருந்து தனித்தனியே பெற்றன. ஒப்புமையை ஆராய்வோர் கருதவேண்டிய மூன்றாவது வாய்ப்பு இதுவாகும்.

கேட்டமரான்: ஒலி பிறப்பித்த பொருள்

தமிழ்க் 'கட்டுமரம்' ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆனதில் ஐயமில்லை. வில்லியம் டாம்பியரின் 1697ஆம் ஆண்டு நூல் சோழமண்டலக் கரையின் இக்கலத்தைக் குறிப்பிடுகிறது. 1804இல் பிரெஞ்சுப் படைக்கு எதிராகப் போலோன் துறையில் பயன்படுத்திய வெடிக்கலங்களுக்கும் ஆங்கிலக் கடற்படையினர் இப்பெயரை இட்டனர். இதற்குப் பின் 19ஆம் நூற்றாண்டுப் பேச்சுவழக்கில் இச்சொல்லுக்குச் சண்டைக்காரி என்ற பொருளும் பதிவாகிறது. கலத்துக்கும் இப்பொருளுக்கும் நேர்த்தொடர்பு இல்லை. ஆங்கிலச் செவியில் இச்சொல்லின் முதலசை பூனையின் பெயராக ஒலித்தமையே இப்பொருளுக்குத் தூண்டுதலாக இருந்தது என்பது ஏற்கத்தக்க விளக்கம். ஒலி ஒப்புமை சொற்களை ஒரு வடிவத்தில் கூட்டுவதோடு நில்லாமல் புதுப்பொருளையும் பிறப்பிக்கும் என்பதற்கு இது சான்று.

கதையான வேர்கள்: டேம், போஷ்

ஆவணம் இல்லாத இடத்தில் கதை தோன்றுவதை இரு சொற்கள் விளக்குகின்றன. சிறிதும் பொருட்படுத்தாமையைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரில் வரும் 'டேம்' என்பது சாபச்சொல் அன்று; அக்பர் காலத்தில் 40 கொண்டது ஒரு ரூபாயான 'தாம்' என்னும் செம்பு நாணயமே என்ற விளக்கம் உண்டு. ஹாப்சன்-ஜாப்சன் நூலே இவ்வாய்ப்பை முன்வைத்தது. ஆயின் 1760களின் தொடக்கத்தில் ஆலிவர் கோல்ட்ஸ்மித்து இதே அமைப்பில் சாபச்சொல்லையே ஆண்டுள்ளார். அவர் இந்தியாவுக்கு வந்தவர் அல்லர். மதிப்பின்மையைச் சாபத்தால் அளக்கும் வேறு தொடர்களும் ஆங்கிலத்தில் உள்ளன. நாணயத்திலிருந்து இத்தொடர் வந்ததற்கு எழுத்துச்சான்று இல்லாமையால் ஆக்ஸ்போர்டு அகராதி இவ்விளக்கத்தை ஏற்கவில்லை.

உயர்குடிப் பகட்டைக் குறிக்கும் 'போஷ்' பற்றிய கதை இன்னும் புகழ்பெற்றது. இந்தியாவுக்கு வரும்போது கப்பலின் இடப்பக்க அறைகளும், திரும்பும்போது வலப்பக்க அறைகளும் வெயில் குறைந்தவை. செல்வர் பெறும் அவ்வறைகளுக்கான பயணச்சீட்டில் பொறித்த நான்கு முதலெழுத்துகளே இச்சொல் என்பது கதை. வடக்கு நோக்கிய பக்கம் வெப்பம் குறைந்தது என்பதில் பிழையில்லை. ஆனால் அத்தகைய பயணச்சீட்டு ஒன்றுகூடக் கண்டெடுக்கப்படவில்லை. மாறாக, பாதி எனப் பொருள்படும் ரோமானிச் சொல்லிலிருந்து அரைப்பென்னியையும், பின்னர்ப் பணத்தையும் குறித்த 'போஷ்' 19ஆம் நூற்றாண்டிலேயே கொச்சை வழக்கில் பதிவாகியுள்ளது. பகட்டானவர் என்ற பொருள் அந்நூற்றாண்டின் இறுதியில் காணப்படுகிறது. கதையோ 20ஆம் நூற்றாண்டில் பிற்பட்டு எழுந்தது.

இவ்விரு கதைகளும் நம்பத்தக்கனவாகத் தோன்றக் காரணம், அவற்றின் துணைச்செய்திகள் உண்மையாக இருப்பதே. நாணயம் உண்டு, கப்பல் உண்டு, வெயிலும் உண்டு. இல்லாதது, அவற்றைச் சொல்லோடு இணைக்கும் ஆவணம் ஒன்றே.

தமிழாய்வுக்கு உரிய படிப்பினை

ஆங்கிலச் சொற்களைத் தமிழ்ச் சொற்களோடு ஒலி கொண்டு இணைக்கும் முயற்சிகள் தமிழுலகில் மிகுதி. தமிழ் உலகுக்குச் சொல் வழங்கிய மொழி என்பதில் ஐயமில்லை. சுருட்டு, கட்டுமரம், மிளகுத்தண்ணீர், கறி, காசு ஆகியன ஆவணத்தோடு நிறுவப்பட்டவை. இவற்றின் அருகில் ஆவணமற்ற இணைப்புகளை வைத்தால், ஐயம் நிறுவப்பட்டவற்றின் மீதும் படரும்.

எட்டு என்னும் எண்ணுப்பெயரை இங்குச் சுட்டலாம். தமிழ் 'எட்டு', ஆங்கில 'எய்ட்' இரண்டும் இன்று நெருங்கி ஒலிக்கின்றன. ஆயின் ஆங்கிலச் சொல்லின் பழைய வடிவில் இடையில் ஒரு ஹகர ஒலி இருந்தது. அதன் உறவுச்சொல்லான செருமானிய 'ஆஹ்ட்' அதனை இன்றும் காக்கிறது. இலத்தீனில் அது 'ஒக்தோ'. தமிழில் எண்பது, எண்ணூறு என்பன 'எண்' என்ற அடியைக் காட்டுகின்றன. பின்னோக்கிச் செல்லச்செல்ல இரண்டும் விலகிச் செல்கின்றன. உறவுடைய சொற்களாயின் முற்கால வடிவங்களும் முறையான ஒலியியைபைக் காட்டுதல் வேண்டும்.

இதுவரை கண்டவற்றிலிருந்து நான்கு வினாக்களை நெறியாகத் தொகுக்கலாம். சொல் முதலில் பதிவான காலம் எது? எவ்விடத்தில், எவர் வழியாக அது மொழிக்குள் நுழைந்தது? அதன் பழைய வடிவங்கள் யாவை? ஒரு பொருளிலிருந்து அடுத்த பொருளுக்குச் செல்லும் படிகள் ஆவணங்களில் காணப்படுகின்றனவா? காலம் மட்டும் போதாது என்பதைக் 'கேஷ்' காட்டியது. ஒலியும் பொருளும் இசைந்தாலும் போதாது என்பதைக் 'குஷி' காட்டியது.

முடிவுரை

ஆங்கிலப் பேச்சுவழக்கின் ஒப்பொலிச் சொற்களை ஆராய்ந்ததில் பெறப்படும் முடிபுகள் வருமாறு:

1. ஒப்பொலிச் சொற்கள் பலவற்றின் ஒலி ஒற்றுமை, அயற்சொல் உள்நாட்டுச் சொல்லின் வடிவத்தைத் தழுவியதால் விளைந்தது.

2. இத்தழுவல் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் அடுத்தடுத்து நிகழலாம். தமிழ்க் காசு போர்த்துகீசியத்திலும் ஆங்கிலத்திலும் பெட்டியின் பெயரோடு கூடியமை இதற்குச் சான்று.

3. இரு மொழிச் சொற்கள் ஒத்திருப்பின், ஒன்று மற்றொன்றுக்குத் தந்தது, இரண்டும் மூன்றாவது மொழியிலிருந்து பெற்றன, தொடர்பின்றித் தற்செயலாக ஒத்தன என்னும் மூவாய்ப்புகளையும் ஆராய்தல் வேண்டும்.

4. துணைச்செய்திகள் உண்மையாக இருப்பது சொற்பிறப்புக்குச் சான்றாகாது. சொல்லின் பதிவே சான்று.

கும்பினியின் 20 காசு நாணயம் தமிழ் தந்த 'கேஷ்' எது என்பதை உலோகத்திலேயே பொறித்து வைத்துள்ளது. துறைமுகக் கணக்கேடுகள், பயணக்குறிப்புகள், நாணயங்கள், படைவீரர் மடல்கள் ஆகியவற்றில் தமிழ்ச் சொற்களின் இத்தகைய பயணத்தைத் தேடித் தொகுக்கும் பணி விரிவாக நடைபெற வேண்டும். தமிழ் பிறமொழிகளுக்கு வழங்கிய கொடையின் அளவை ஐயத்துக்கு இடமின்றி நிறுவ அதுவே உறுதியான வழியாகும்.